போரை நிறுத்துங்கள் என்று எழுதியது தேசத்துரோகமா?

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் வரலாற்று ஆசிரியையாக இருக்கிறேன். 2025 மே மாதம் எல்லையில் சண்டை நடந்தபோது, "இரு பக்கமும் சாவது ஏழை வீட்டுப் பிள்ளைகள், போரை நிறுத்துங்கள்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தேன். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாரோ காவல் நிலையத்தில் புகார் கொடுத்துள்ளனர். "நாட்டுக்கு எதிராக எழுதியதற்கு மன்னிப்புக் கோருகிறேன்" என்று எழுதித் தந்தால் பிரச்சினையை முடித்துவிடலாம் என்கிறார் பள்ளித் தாளாளர். எழுதித் தரலாமா?

பதில்: தராதீர்கள். "நாட்டுக்கு எதிராக" என்ற சொற்களின் கீழ் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், இன்று தாளாளரின் கோப்பில் கிடக்கும் அந்தத் தாள், நாளை துறை விசாரணையில் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்ட ஆவணமாக உங்கள் முன் வைக்கப்படும். மெமோ வந்தால், எழுதிய வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் குறிப்பிட்டு, உயிர்ச்சேதம் நிற்க வேண்டும் என்பதே நோக்கம் என்று விளக்கமளித்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர் வந்தால் பேச்சுரிமை போய்விடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். 1962-லும் 1971-லும் அரசமைப்பின் 352-ஆவது பிரிவின்படி நெருக்கடி நிலை பிரகடனம் செய்யப்பட்டதால், 358-ஆவது பிரிவின் வழியே, பேச்சுரிமை தரும் 19-ஆவது பிரிவின் பாதுகாப்பு அப்போது செயலிழந்தது உண்மை. 2025 மே மாதத்தில் அப்படியொரு பிரகடனமே இல்லை. நீங்கள் எழுதிய நாளில் உங்கள் பேச்சுரிமை முழுமையாக உயிரோடு இருந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், நாட்டின் இறையாண்மைக்கும் ஒற்றுமைக்கும் ஆபத்து விளைவிப்பதைக் குற்றமாக்கும் 152-ஆவது பிரிவு ஆயுள் தண்டனை வரை விதிக்கக்கூடியது என்பதால் அதன் பெயரைச் சொல்லி மிரட்டுவது எளிது. ஆனால் பிரிவினையையோ ஆயுதக் கிளர்ச்சியையோ தூண்டாமல், அரசின் நடவடிக்கையைச் சட்டவழியில் மாற்றக் கோரும் விமர்சனம் குற்றமாகாது என்று அதன் விளக்கமே கூறுகிறது. கோலாப்பூர் மாவட்டத்தில் ஒரு கல்லூரிப் பேராசிரியர், காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீக்கப்பட்ட ஆகஸ்ட் 5-ஐக் கறுப்பு நாள் என்றும், பாகிஸ்தானுக்குச் சுதந்திர தின வாழ்த்து என்றும் ஸ்டேட்டஸ் வைத்ததற்காகத் தொடரப்பட்ட வழக்கை 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எழுத்தின் விளைவை உறுதியான நெஞ்சுள்ளவர்களின் அளவுகோலால் மதிப்பிட வேண்டுமே தவிர, எதிலும் ஆபத்தைக் காணும் பலவீனர்களின் அளவுகோலால் அல்ல என்ற பழைய கோட்பாட்டை அத்தீர்ப்பு மீண்டும் நிலைநாட்டியது. உங்கள் ஸ்டேட்டஸ் அதைவிட எவ்வளவோ மென்மையானது.

பணி விஷயத்தில் இவ்வளவு உறுதியாக என்னால் சொல்ல முடியவில்லை. நடத்தை விதியைக் காட்டி நிர்வாகம் தற்காலிகப் பணிநீக்கம் செய்யக்கூடும்; அதைத் தனியாக எதிர்த்துப் போராட வேண்டியிருக்கும்.

காவல் நிலையத்திலிருந்து போனில் அழைத்தால், எழுத்துமூலமான அறிவிப்பைக் கேளுங்கள். அது வந்துவிட்டால் வழக்கறிஞருடன் தவறாமல் ஆஜராகுங்கள். 152-இன் கீழ் வழக்குப் பதிவானது தெரிந்தால், அன்றே முன்ஜாமீன் மனு தாக்கல் செய்ய வேண்டும். கைபேசியில் எதையும் அழிக்காதீர்கள். கைபேசியைக் காவல்துறை கேட்டு வாங்கினால், கைப்பற்றியதற்கான பட்டியலின் நகலை வாங்காமல் திரும்பாதீர்கள்.