டப்பாவில் இதயப் படம் போட்டால் போதுமா? கோகோ பற்றிய கேள்விகள்

சாக்லேட், கோகோ பவுடர், கோகோ கேப்ஸ்யூல் என்று கேட்டு நிறைய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். டார்க் சாக்லேட் இதயத்துக்கு நல்லது என்று ஏதோ வீடியோவில் பார்த்ததிலிருந்து வாரம் ஒரு 100 கிராம் பார் வாங்கி வருகிறார். 70 சதவீத கோகோவாம், விலை 350 ரூபாய். இனிப்பைக் குறையுங்கள் என்றால், ‘இது மருந்துடி’ என்கிறார். உண்மைதானா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: மருந்து இல்லை அம்மா. ஆனால் அவர் பேச்சை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

கோகோ விதையில் ஃபிளேவனால் என்ற பொருள் இருக்கிறது. பச்சைப் பாக்கை மென்றால் நாக்கு இழுக்குமே, அந்தத் துவர்ப்பின் உறவுக்காரர்தான் இது. ரத்தக் குழாயின் உட்சுவர் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரக்க இது உதவுகிறது. அந்த வாயு குழாயைத் தளர்த்திவிடும், ரத்தம் சிரமமில்லாமல் ஓடும். பனாமா நாட்டுக் கடலோரத் தீவுகளில் வாழும் குனா பழங்குடிகளுக்கு வயதானாலும் ரத்த அழுத்தம் ஏறுவதில்லை என்பதையும், அவர்கள் கோகோ பானம் நிறையக் குடிப்பதையும் ஹார்வர்டு மருத்துவர் நார்மன் ஹாலன்பெர்க் கவனித்தார். நகரத்துக்குக் குடிபோன குனாக்களுக்கு நம்மைப் போலவே பிரஷர் வந்தது. இந்த ஆராய்ச்சிக்கு அதுதான் பெரிய தூண்டுதல்.

சரி, கோகோவால் பிரஷர் எவ்வளவு குறைகிறது? 2017இல் காக்ரேன் அமைப்பு 35 பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது. சராசரியாகக் குறைந்தது 2 புள்ளிக்கும் சற்றுக் கீழே. 150 என்பது 148 ஆகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பிரஷர் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக, 4 புள்ளி வரை குறைந்தது. பெரும்பாலும் சில வாரங்களே நடந்த பரிசோதனைகள் அவை. உங்கள் கணவரின் மாத்திரை செய்கிற வேலையோடு இதை ஒப்பிடக் கூடாது. சாக்லேட்டை நம்பி மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் பயம். அதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இதைவிடப் பெரிய பரிசோதனை ஒன்று அமெரிக்காவில் நடந்தது. பெயர் காஸ்மோஸ், முடிவு 2022இல் வெளியானது. 60 வயது தாண்டிய ஆண்களும் 65 தாண்டிய பெண்களுமாக 21,442 பேர். பாதிப் பேருக்குத் தினமும் 500 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால், மீதிப் பேருக்கு வெறும் கேப்ஸ்யூல். சுமார் மூன்றரை ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தால், மாரடைப்பு, பக்கவாதம் முதலான இதயநோய்ச் சம்பவங்கள் கோகோ பக்கம் 410 பேருக்கு, வெறும் கேப்ஸ்யூல் பக்கம் 456 பேருக்கு. குறைந்திருக்கிறது, ஆனால் தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. இதயநோயால் இறந்தவர்களை மட்டும் எடுத்தால் 27 சதவீதம் குறைவு. வீடியோக்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த 27ஐத்தான். பரிசோதனை முதன்மையாகக் கேட்ட கேள்வி அது இல்லை என்பதையும், பணம் கொடுத்தவர்களில் சாக்லேட் கம்பெனியான மார்ஸும் உண்டு என்பதையும் அவர்கள் சொல்வதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 21,442 பேரில் ஒருவருக்குக்கூட ஆராய்ச்சிக்காரர்கள் சாக்லேட் பார் கொடுக்கவில்லை.

பார் மேல் போட்டிருக்கும் 70 சதவீதம் என்பது கோகோவிலிருந்து வந்த பொருட்களின் மொத்த எடை. கோகோ பட்டரும் அதில் அடக்கம், அதாவது கொழுப்பு. ஃபிளேவனால் எவ்வளவு என்று அந்த எண் சொல்லாது. புளிக்கவைக்கும்போதும் வறுக்கும்போதும் எவ்வளவு போயிற்று என்பது தயாரித்தவருக்கே வெளிச்சம். மீதி 30 சதவீதம் பெரும்பாலும் சர்க்கரை. 100 கிராமில் ஏறக்குறைய 600 கலோரி, 24 கிராம் நிறைவுற்ற கொழுப்பு.

பிடித்திருந்தால் சாப்பிடட்டும், மைசூர்பாகுக்குப் பதிலாக இரண்டு துண்டு. ஆனால் மைசூர்பாகும் உண்டு, சாக்லேட்டும் உண்டு என்றால் கணக்கு உதைக்கும்.

கேள்வி: சர்க்கரை இல்லாத கோகோ பவுடர் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், நேச்சுரல் என்று ஒன்று, டச்சு என்று ஒன்று. டச்சு விலை அதிகம். நிறமும் நல்ல கறுப்பு. அதுதானே தரமானது? (ஒரு வாசகர், கோவை)

பதில்: கேக் சுடுவதற்கு என்றால் உங்கள் விருப்பம். இதயத்தை நினைத்து என்றால் நேர்மாறாக வாங்குங்கள்.

டச்சு கோகோ என்றால் காரம் சேர்த்துப் பக்குவப்படுத்தியது. மிளகாய்க் காரம் இல்லை, சோடா உப்பு போன்ற, புளிப்பை முறிக்கும் அல்கலி. 19ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் வான் ஹௌட்டன் குடும்பத்தார் கொண்டுவந்த முறை. காரம் சேர்த்தால் புளிப்பும் துவர்ப்பும் அடங்கும், நிறம் கறுக்கும், பாலில் கட்டி தட்டாமல் கலக்கும். ஆனால் அடங்கிப்போகிற அந்தத் துவர்ப்போடு ஃபிளேவனாலும் போய்விடுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில் அமெரிக்கச் சந்தைப் பவுடர்களை அளந்து பார்த்தார்கள். நேச்சுரல் பவுடர் 1 கிராமில் சராசரியாக 35 மில்லிகிராம் ஃபிளேவனால். காரம் அதிகம் சேர்த்ததில் 4 மில்லிகிராம்தான். 200 மில்லிகிராம் வேண்டுமென்றால் முன்னதில் 6 கிராம் போதும், பின்னதில் 50 கிராம் அள்ளிப் போட வேண்டும். அந்த 200க்கும் ஒரு கணக்கு உண்டு. ரத்தக் குழாயின் நெகிழ்வைக் காக்கத் தினம் 200 மில்லிகிராம் கோகோ ஃபிளேவனால் உதவும் என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல் ஒப்புக்கொண்டது.

பெயரைப் பார்க்காதீர்கள், பின்பக்கச் சிறிய எழுத்தைப் பாருங்கள். ‘அமிலத்தன்மை சீராக்கி’ என்று போட்டுப் பக்கத்தில் 500, 501, 524 போன்ற எண் இருந்தால் காரம் சேர்த்தது என்று அர்த்தம். நேச்சுரல் பவுடரில் கோகோ என்ற ஒரே சொல்தான் இருக்கும்.

எழுதுவதற்கு முன் நானே வீட்டில் இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். இரண்டு டம்ளர், இரண்டிலும் ஒரு ஸ்பூன் பவுடர், வெந்நீர். டச்சு மழமழவென்று கலந்து காபி டிகாஷன் மாதிரி நின்றது. நேச்சுரல் செம்மண் நிறம். மேலே கொஞ்ச நேரம் மிதந்து அடம்பிடித்தது. ஒரு வாய் குடித்தால் முதலில் புளிப்பு, அப்புறம் கன்னத்தின் உள்பக்கம் இழுக்கிறது. என் மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, ‘கஷாயமா?’ என்றாள். அந்தக் கஷாயத்துக்காகத்தான் காசு கொடுக்கிறோம்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 பிப்ரவரியில் இது தொடர்பாக டப்பாவில் போடும் ஒரு வாசகத்துக்கு அனுமதி கொடுத்தது. அதையும் தெரிந்துகொள்ளுங்கள். குறைந்தது 4 சதவீதம் ஃபிளேவனால் உள்ள உயர்ரகக் கோகோ பவுடருக்கு மட்டும் இதயநோய் அபாயத்தைப் பற்றிச் சொல்லலாம், அதிலும் ஆதாரம் மிகக் குறைவு என்று சேர்த்தே சொல்ல வேண்டும். சாதாரணக் கோகோ பவுடருக்கோ, சாக்லேட்டுக்கோ அது பொருந்தாது.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கோகோ பவுடரைத் தினப்படி வழக்கமாக்க வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம்.

கேள்வி: தினமும் காலையில் கோகோ பவுடர், வாழைப்பழம், பால் போட்டு மிக்சியில் அடித்துக் குடிக்கிறேன். நல்லதுதானே? (கல்லூரி மாணவர், திருநெல்வேலி)

பதில்: பசி அடங்கும், ருசியும் குறையாது. ஆனால் ஃபிளேவனாலுக்காகக் குடித்தால் வாழைப்பழம் காலை வாரிவிடும். நறுக்கி வைத்த பழம் கறுக்கிறதே, அதைச் செய்யும் நொதி மிக்சியில் ஃபிளேவனாலையும் தின்றுவிடுகிறது. 2023இல் வந்த ஓர் ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு எடுத்துக்கொண்டவர்களின் உடலில் சேர்ந்த ஃபிளேவனால் 84 சதவீதம் குறைந்திருந்தது. பழத்தைத் தனியாகக் கடித்துச் சாப்பிடுங்கள், வேறு நேரத்தில்.

கேள்வி: பிள்ளைகளுக்குப் பாலில் கலக்கும் சாக்லேட் பவுடரிலும் கோகோதானே இருக்கிறது? பெரியவர்களும் குடித்தால் இதயத்துக்கு நல்லதுதானே?

பதில்: பொருட்பட்டியலில் எது அதிகமோ அது முதலில் வரும். உங்கள் டப்பாவை எடுத்துப் பாருங்கள். மால்ட்டும் சர்க்கரையும் தாண்டித்தான் கோகோ என்ற சொல் கண்ணில் படும். இந்த மாதிரிப் பவுடர்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற தலைப்பில் விற்காதீர்கள் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 ஏப்ரலில் இணையக் கடைகளுக்குச் சொல்லிவிட்டது.

கேள்வி: ஆன்லைனில் கோகோ ஃபிளேவனால் கேப்ஸ்யூல் 60 கொண்ட புட்டி 1,800 ரூபாய். ‘இதய அடைப்பைக் கரைக்கும்’ என்று போட்டிருக்கிறார்கள். அப்பாவுக்கு வாங்கலாமா? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: அந்த ஒரு வரியே போதும், வாங்காதீர்கள். காஸ்மோஸ் பரிசோதனையில்கூட அடைப்பு கரைந்ததாக யாரும் சொல்லவில்லை. உணவுப் பொருளோ சத்து மாத்திரையோ, நோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை நம் நாட்டுச் சட்டம் அனுமதிப்பதில்லை. அந்தப் பக்கத்தைத் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் கொடுங்கள்.

உங்கள் அப்பா வேறு கேப்ஸ்யூல் கேட்டு நின்றால் புட்டியில் மூன்று விஷயம் பாருங்கள். ஒரு வேளைக்கு ஃபிளேவனால் எத்தனை மில்லிகிராம்? ஃபிளேவனாலில் ஒரு வகையான எபிகாட்டெச்சின் எத்தனை? எத்தனை கேப்ஸ்யூல் சேர்ந்தது ஒரு வேளை? பரிசோதனையில் கொடுத்தது 500 மில்லிகிராம், அதில் 80 எபிகாட்டெச்சின். ‘கோகோ எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம்’ என்று மட்டும் இருந்தால் அது சாற்றின் எடை, ஃபிளேவனாலின் எடை இல்லை. கடலைப்பருப்பு மூட்டையைக் காட்டி முந்திரி விலை சொல்கிற வேலை. எது வாங்கினாலும் அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் சீட்டோடு டாக்டரிடம் காட்டிவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: டார்க் சாக்லேட்டில் ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகங்கள் இருக்கின்றனவாமே? வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம்.

பதில்: செய்தி உண்மை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 28 டார்க் சாக்லேட்டுகளைச் சோதித்தது. அவற்றில் 23ஐத் தினமும் 28 கிராம் அளவுக்குச் சாப்பிட்டால், ஈயமோ காட்மியமோ ஏதாவது ஒன்று கலிஃபோர்னியாவின் கடுமையான வரம்பைத் தாண்டும் என்றது. காட்மியத்தை மரம் மண்ணிலிருந்து உறிஞ்சுகிறது, முக்கியமாகத் தென் அமெரிக்காவின் சில பகுதி மண்ணிலிருந்து. ஈயம் பெரும்பாலும் விதையைக் காயவைக்கும்போது தூசியோடு வந்து ஒட்டுவது. கோகோ கூடக் கூடப் பொதுவாக இவையும் கூடும். ஐரோப்பாவில் 2019 முதல் காட்மியத்துக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

எப்போதாவது ஒரு துண்டு சாப்பிடுகிற பெரியவர்கள் பதற வேண்டியதில்லை. கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் தினப்படி சாப்பிட வேண்டாம். இதயத்துக்கு நல்லது என்று தினமும் சாப்பிடுகிறவருக்குத்தான் இந்தச் செய்தி. மதுரைக்காரர் கவனிக்க.

கேள்வி: ஊட்டி ஹோம்மேட் சாக்லேட்?

பதில்: ருசிக்காக வாங்குங்கள். ஆனால் பலவற்றில் இருப்பது காம்பவுண்ட் எனப்படும் கலவை. கோகோ பட்டருக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்பு, கொஞ்சம் கோகோ பவுடர், நிறைய சர்க்கரை. வாயில் உடனே கரையாமல் மெழுகு போல அண்ணத்தில் ஒட்டினால் காம்பவுண்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நம் பக்கத்துக் கோகோவே வேண்டும் என்றால், பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக விளைந்த கோகோவில் விதை முதல் பார் வரை தாங்களே செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விலை கூடத்தான், ஆனால் பொருட்பட்டியல் இரண்டு வரிக்குள் முடிந்துவிடும்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய டார்க் சாக்லேட் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது. பூஞ்சையா? திருப்பிக் கேட்டால் ‘கெட்டுப்போகவில்லை’ என்கிறார்கள். (ஒரு வாசகர், வேலூர்)

பதில்: விரலால் லேசாகத் தேய்த்துப் பாருங்கள். சூட்டில் கரைந்து மறைந்தால் அது கோகோ பட்டர். 34 டிகிரி வாக்கில் உருகி, மறுபடி உறையும்போது மேலே வந்து படிந்தது. சொரசொரவென்று இருந்தால் ஈரம் பட்டு வெளியே வந்த சர்க்கரை. இரண்டும் உடம்புக்குக் கெடுதல் இல்லை. பஞ்சு போல மயிர் மயிராக இருந்தால்தான் பூஞ்சை.

கெடவில்லை என்பது சரி. ஆனால் நீங்கள் காசு கொடுத்தது உருகி உறைந்த கட்டிக்கு இல்லையே. போன மே மாதம் எனக்கும் இதே கதை. பார் உறையோடு தோசை மாதிரி பரவி வந்தது. பிரிக்கும்போதே வீடியோ எடுத்து வைத்திருந்ததால், முதலில் முடியாது என்ற விற்பனையாளர், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்ததும் நான்காம் நாள் பணத்தைத் திருப்பினார். நீங்களும் படம், பில், அவர்கள் அனுப்பிய பதில் மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915க்குப் போடுங்கள். வேலூர் வெயிலில் அடுத்த ஆர்டரை ஆடி கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.