கண்ணில் நோய் இல்லை, பிறகு ஏன் தெரியவில்லை?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. இடது கண்ணில் பவர் அதிகம். கண்ணாடி போட்டு நான்கு மாதமாகியும் அந்தக் கண்ணில் எழுத்துகள் தெளியவில்லை. "கண்ணில் நோயில்லை, மூளை பழகவில்லை, வலது கண்ணைத் தினமும் 2 மணி நேரம் மூடி வையுங்கள்" என்கிறார் மருத்துவர். நல்ல கண்ணை மூடலாமா?

பதில்: மூடலாம், இன்றே தொடங்குங்கள். உங்கள் மருத்துவர் சொன்னது முற்றிலும் சரி.

வடிவம் கண்ணுக்குள் உருவாவதில்லை. விழித்திரை அனுப்புவது வெளிச்சமும் இருளும் எங்கே மாறுகின்றன என்ற புள்ளிச் செய்திதான். அதைக் கோடாக்குவது பின்தலையில் உள்ள பார்வைப் புறணி, அதாவது பார்வையைக் கையாளும் மூளையின் மேலடுக்கு. அங்கே ஒரு செல் நிமிர்ந்த கோட்டுக்குத் துடிக்கும், இன்னொன்று படுத்த கோட்டுக்கு. 'ப' என்பது அந்த இடத்தில் இன்னும் எழுத்தே அல்ல. இரண்டு நிமிர்ந்த கோடுகள், அடியில் ஒரு படுத்த கோடு, அவ்வளவே.

பூனையின் மூளையில் இதைக் கண்டறிந்தவர்கள் டேவிட் ஹியூபல், டார்ஸ்டன் வீசல் என்ற நரம்பியல் ஆய்வாளர்கள். பூனைக்குக் காட்டிய புள்ளிகளுக்கு அசையாத ஒரு செல், படம் காட்டும் கருவியில் கண்ணாடித் தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பின் மெல்லிய நிழல் நகர்ந்ததும் படபடத்தது. 1959இல் அதை வெளியிட்டார்கள். பின்னர் பூனைக்குட்டியின் ஒரு கண்ணிமையைத் தைத்து, சில மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தார்கள். கண் நன்றாகவே இருந்தது. புறணியின் செல்களோ பெரும்பாலும் அந்தக் கண்ணுக்குப் பதில் தரவில்லை. மற்றக் கண் அவற்றைத் தனதாக்கிக்கொண்டிருந்தது. வளர்ந்த பூனைகளுக்கு இப்படி ஆகவில்லை. இருவருக்கும் 1981இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல காலம் மங்கலான படத்தையே அனுப்பிய இடது கண்ணுக்கும் நேர்ந்தது இதுதான். சோம்பேறிக் கண் என்கிறோம். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது, குழந்தையின் தவறு போலத் தொனிக்கிறது.

ஒட்டும் பேட்சைத் தோல்மீது ஒட்டி, அதன்மேல் கண்ணாடி போடுங்கள். கண்ணாடிமேல் ஒட்டினால் ஓரமாக எட்டிப் பார்த்துவிடுவாள். அந்த நேரத்தில் மணி கோக்கட்டும், புள்ளிகளை இணைத்து வரையட்டும். கேரட் இதைச் சரிசெய்யாது.

தனி எழுத்தை வாசிப்பவள் அதையே வரிசையில் வைத்தால் திணறலாம். இந்தக் கண்ணுக்கு அது இயல்பு, திட்டாதீர்கள்.

7 வயதுக்குள் பலன் அதிகம். பிறகும் பலன் உண்டு, குறைவாக. மூடும் நேரத்தை நீங்களாகக் கூட்டாதீர்கள், நல்ல கண் மங்கக்கூடும். தேறியதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பார்வை மறுபடி இறங்கலாம்.