டீச்சரிடம் கேளுங்கள்: பெயரைச் சொல்லச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சுனாமிக்குப் பிறகு பிறந்தவள். டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் நடக்கும் அஞ்சலிக்குத் தோழிகளோடு போக ஆசைப்படுகிறாள். எங்கள் குடும்பத்தில் யாரையும் நாங்கள் இழக்கவில்லை. அழுகிற இடத்தில் போய் வேடிக்கை பார்த்தது போல ஆகிவிடாதா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அனுப்புங்கம்மா. நானும் வருஷா வருஷம் போகிறேன். என் வீட்டிலும் யாரும் சாகவில்லை. ஆனால் என் வகுப்பில் இருந்தார்கள்.

அப்போது கடலோரப் பள்ளி ஒன்றில் நான்காம் வகுப்புக்கு நான் டீச்சர். அரையாண்டு விடுமுறையில்தான் அது நடந்தது. பள்ளி திறந்த அன்று, பழக்கத்தில் பதிவேட்டை எடுத்துப் பெயர் கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். "உள்ளேன் டீச்சர்", "உள்ளேன் டீச்சர்" என்று வந்துகொண்டிருந்தது. ஐந்தாவது பெயருக்குச் சத்தம் இல்லை. கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "அவன் இல்ல டீச்சர்" என்றான். பதிவேட்டை மூடிவிட்டேன். அதற்கப்புறம் பல நாள் தலையை எண்ணித்தான் வருகை போட்டேன். பிள்ளைகளை அழவைக்கக் கூடாது என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து, இல்லாமல் போன அந்தப் பையனின் அம்மா வந்தார், அவனுடைய சத்துணவுத் தட்டை வாங்கிப் போக. "எம்புள்ள பேர இப்ப யாருமே சொல்றதில்ல டீச்சர். நீங்களாவது கூப்பிடுவீங்கன்னு இருந்தேன்" என்றார். அவர் முன்னாலேயே பதிவேட்டைத் திறந்து அந்தப் பெயரைப் படித்தேன். முந்தானையை வாயில் வைத்தபடி நின்று கேட்டுவிட்டுப் போனார்.

அதனால் உங்கள் மகளிடம் சொல்லுங்கள். அரை லிட்டர் பாலும் கொஞ்சம் உதிரிப் பூவும் வாங்கிக்கொள்ளட்டும். செல்போன் பையிலேயே இருக்கட்டும். யாராவது ஒரு பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க வீட்ல யாரும்மா?" என்று கேட்கட்டும். பாட்டி பெயர் சொன்னால் இவளும் அதை ஒரு தடவை திருப்பிச் சொல்லட்டும். பேச விருப்பம் இல்லாதவர் என்றால் பேசாமல் பக்கத்தில் இருந்தாலே போதும்.

நம் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். அவள் கேட்கப்போவது பெரும்பாலும் பெண்கள், குழந்தைகளின் பெயர்களாகத்தான் இருக்கும். ஆழ்கடலில் இருந்த ஆண்கள் பலருக்கு அலை போனதே தெரியவில்லை. ஆழத்தில் அது படகுக்கு அடியில் நழுவிப் போய்விடும், கரையை நெருங்கும்போதுதான் குவிந்து எழும்பும். மீன் வரும் என்று கூடையோடு கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள்.

கேள்வி: பள்ளியில் 'சுனாமி நாயகர்கள்' என்று மூன்று நிமிடம் பேச வேண்டும். கலெக்டர், ராணுவம் பற்றியெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். நான் யாரைப் பற்றிப் பேசலாம்?
- மாணவன், அரியாங்குப்பம்

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே நல்லவாடு இருக்கிறதே தம்பி! அந்த ஊர்க்காரர் ஒருவர் சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். தண்ணீர் ஏறி வருகிறது என்று தங்கை சொல்ல, எல்லோரையும் ஓடச் சொன்னார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஓர் அறிவு மையம் நடத்திவந்தது. அலை உயரம், காற்று நிலவரம் சொல்வதற்காக அதில் ஒலிபெருக்கி இருந்தது. ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்து, அந்த மைக்கிலேயே அறிவித்தார்கள். ஏறத்தாழ 3,600 பேர் உயிரோடு வெளியேறினார்கள். வீடும் படகும் போயின.

சுமத்ரா அருகே நிலம் குலுங்கியது நம் நேரப்படி காலை 6.28 மணி சுமாருக்கு. நம் கரைக்கு அலை வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரத்தில் மற்ற குப்பங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இன்றும் ஆறாதது இதுதான். ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007-இல்.

பரங்கிப்பேட்டை ஜமாஅத் இளைஞர்கள் சுற்றுக் குப்பங்களுக்கு ஓடிப்போய் ஆட்களை மீட்டதையும், நாள்கணக்கில் சோறு போட்டதையும் விட்டுவிடாதீர்கள். கடைசி ஒரு நிமிடத்தைத் துப்புரவுத் தொழிலாளர்களுக்குக் கொடுங்கள். வெளியூர் நகராட்சிகளிலிருந்தெல்லாம் வந்து, நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கிய இடத்தில் உடல்களைத் தூக்கியவர்கள் அவர்கள். எந்த மேடையிலும் அவர்களுக்கு ஒரு நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

கேள்வி: அத்தனை பேரைக் கொன்ற கடலுக்கே பால் ஊற்றுகிறார்களே, ஏன்?
- வாசகர், விழுப்புரம்

பதில்: கடலுக்கு ஊற்றவில்லை ஐயா. இறந்தவருக்குச் சுடுகாட்டில் பால் தெளிப்போம் இல்லையா, அதுதான் இது. பலருக்கு உடலே கிடைக்கவில்லை. அவர்களுடைய காடு அந்தத் தண்ணீர்தான்.