சட்டம் கேளுங்கள்: தீர்ப்பில் இழப்பீடு

கேள்வி: லேத் பட்டறையில் வேலை பார்க்கும் என் கணவரைப் பக்கத்து வீட்டுக்காரர் சென்ற ஆண்டு கத்தியால் வெட்டினார். இடக்கையில் 9 தையல், 10 நாள் சம்பளம் போச்சு, ஆஸ்பத்திரிக்கு 46,000 ரூபாய். பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டம்) 118(1) பிரிவில் வழக்கு நடக்கிறது. செலவான பணத்தைக் குற்றவியல் நடுவரே வாங்கித் தருவாரா, சிவில் வழக்குப் போடணுமா?
— வாசகி, கோவை

பதில்: நடுவரே உத்தரவிடலாம். வழக்கு நடத்தும் முறையைச் சொல்லும் பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) சட்டத்தின் 395-வது பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357) இதற்காகவே இருக்கிறது. இழப்பீட்டைக் கொடுத்தாலும் மறுத்தாலும் காரணம் எழுத வேண்டும் என்று அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கையில் காகிதம் இல்லாமல் நடுவர் எந்தத் தொகையை எழுதுவார்?

பல குடும்பங்கள் கோட்டை விடுவது இங்கேதான். கணவர் கூண்டேறிச் சாட்சி சொல்லும் அன்று காயச் சான்றிதழ் மட்டும் ஆவணமாகும்; பில்கள் வீட்டு பீரோவிலேயே கிடக்கும். சாட்சியம் முடிந்தபின் அவற்றைச் சேர்க்கத் தனி மனுப் போட்டு அலைய வேண்டியிருக்கும். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் பில்கள், பட்டறை முதலாளியின் சம்பளச் சான்று மூன்றையும் முன்கூட்டியே அரசு உதவி வழக்கறிஞரிடம் கொடுத்து, சாட்சியத்தின்போதே குறியீடு செய்ய (எண் கொடுத்து வழக்கு ஆவணமாகச் சேர்க்க) சொல்லுங்கள். எதிரிக்கு (குற்றம் சாட்டப்பட்டவருக்கு) சொந்த வீடோ கடையோ வண்டியோ இருந்தால் அந்த விவரமும் வேண்டும்; அவரால் கட்ட முடியுமா என்பதை வைத்துத்தான் தொகை முடிவாகும்.

இன்னொரு சிக்கல், அபராதம். 118(1)-க்கு 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் விதித்துவிட்டால் இழப்பீடு அதற்குள்ளிருந்துதான் வரும். உங்கள் செலவில் பாதிகூடத் தேறாது. சிறை மட்டும் விதித்தால் 395(3)-ன்படி இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை. இதை எழுத்துபூர்வமாகவே கேளுங்கள். அரசுத் தரப்புக்கு உதவியாக உங்கள் வழக்கறிஞரையும் வைத்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். தொகை குறைவென்றால் 413-வது பிரிவில் நீங்களே மேல்முறையீடு செய்யலாம். சிவில் வழக்குக்கும் தடையில்லை. வாங்கிய தொகையை அதில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

கேள்வி: எனக்கு 1 லட்சம் இழப்பீடு, கட்டாவிட்டால் 2 மாதம் சிறை என்று தீர்ப்பு. எதிரி 2 மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, "கணக்கு தீர்ந்தது" என்கிறார். தீர்ந்ததா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: தீரவில்லை. சிறையில் இருந்தது கட்டாததற்கான தண்டனை. பணம் அப்படியே பாக்கி நிற்கிறது. குமரன் எதிர் கேரள அரசு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தீர்ப்பின் சான்றிட்ட நகலோடு, தண்டித்த நீதிமன்றத்திலேயே பி.என்.எஸ்.எஸ். 461-வது பிரிவில் மனுப் போடுங்கள். அசையும் சொத்தை ஜப்தி செய்து விற்க வாரண்ட் தரலாம். அல்லது நிலவரி பாக்கி போல வசூலிக்க மாவட்ட ஆட்சியருக்கு வாரண்ட் அனுப்பலாம்.

"சொத்து ஏதுமில்லை" என்று வாரண்ட் திரும்பி வருவது வாடிக்கை. அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சர்வே எண், பட்டா எண், வண்டிப் பதிவு எண் எல்லாவற்றையும் மனுவிலேயே எழுதி, வில்லங்கச் சான்றையும் இணையுங்கள். எதிரி மேல்முறையீடு செய்திருந்தால் அது முடியும்வரை பணம் கைக்கு வராது. முதலில் அதை விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: திருட்டுப் போன 5 பவுன் சங்கிலியைப் போலீஸ் மீட்டுவிட்டது. வழக்கு முடிந்தால்தான் தருவார்களா?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: காத்திருக்க வேண்டாம். நகை நீதிமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டிருந்தால் பி.என்.எஸ்.எஸ். 497, இன்னும் ஸ்டேஷனிலேயே இருந்தால் 503-வது பிரிவில் மனுப் போடுங்கள். நகைக்கடை பில்லோ, சங்கிலி கழுத்தில் தெரியும் கல்யாண போட்டோவோ இருந்தால் வேலை சுலபம். போட்டோ எடுத்து, மகஜர் (சாட்சிகள் முன்னிலையில் பொருளின் விவரக் குறிப்பு) எழுதி, பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு நகையைக் கொடுத்துவிடலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே தீர்ப்பு உண்டு. தீர்ப்பு வரும்வரை உருக்கவோ விற்கவோ கூடாது.

கேள்வி: தாக்கியவன் யாரென்றே தெரியவில்லை. யாரிடம் கேட்பது?
— வாசகர், வேலூர்

பதில்: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம். குற்றவாளி சிக்காவிட்டாலும் பி.என்.எஸ்.எஸ். 396-வது பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2 மாதத்துக்குள் விசாரித்து முடிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணங்களோடு போங்கள். வழி கேட்க, சட்ட உதவி தொலைபேசி எண் 15100.