வால் குழாயும் பிரீப்ரெக் கார்பனும்: கேள்வி பதில்

இறக்கை நுனியைப் பிடித்துச் சுழற்றி எறியும் எஃப்3கே வகை ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி கிளைடரின் வால் குழாயைப் பிரீப்ரெக் தாளில் உருட்டிச் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

கேள்வி: கார்பன் துணியில் எபாக்ஸி தடவுவதைவிடப் பிரீப்ரெக் எதில் மேலானது?

பதில்: ரெசினும் அதை இறுகச் செய்யும் ஹார்ட்னரும் தொழிற்சாலையிலேயே அளந்து கார்பன் இழையில் ஊட்டப்பட்டு, பாதி இறுகிய நிலையில் வரும் தாள் இது. எடையில் 35 முதல் 40 விழுக்காடு வரைதான் ரெசின் இருக்கும். கையால் தடவினால் அது எளிதில் பாதியைத் தொட்டுவிடும். 12 கிராம் இழை கொண்ட குழாய் பிரீப்ரெக்கில் ஏறத்தாழ 19 கிராமில் முடியும், கைப்பூச்சில் 24 கிராமாகும். குழாய் முழுவதும் ஈர்ப்பு மையத்துக்குப் பின்னால் இருப்பதால், அந்த ஐந்து கிராமை ஈடுகட்ட மூக்கில் அதைவிடக் கூடுதலாக ஈயம் வைக்க நேரிடும்.

கேள்வி: ஃப்ரீசர் கட்டாயமா?

பதில்: கட்டாயம். மைனஸ் 18 பாகையில் வைத்தால் மாதக்கணக்கில் தாங்கும் தாள், வெளியில் கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் தன் ஆயுளை இழக்கிறது. ஆகவே வெளியில் இருந்த நேரத்தைப் பையின் மேலேயே எழுதி வாருங்கள். அதைவிட முக்கியமானது, பை அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை அதைத் திறக்கக் கூடாது என்பது. திறந்தால் குளிர்ந்த தாளின் மேல் நீர் பூக்கும், தாளை ஓவனில் இறுக வைக்கும் 120 பாகைச் சூட்டில் அந்த நீர் ஆவியாகி ரெசினைத் துளைத்துக்கொண்டு வெளியேறும். என் முதல் குழாயை விளக்குக்கு எதிரே பிடித்தபோது, ஊசியால் குத்தியதுபோல் வரிசையாக வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன.

கேள்வி: தாளை உருட்டும் தண்டான மாண்ட்ரல் எஃகில் வேண்டுமா, அலுமினியத்தில் வேண்டுமா?

பதில்: ஒரு முனையை நோக்கிச் சிறுத்துச் செல்லும் அலுமினியத் தண்டே என் தேர்வு. அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிந்து சுருங்குவதாலும், கார்பன் அநேகமாகச் சுருங்காததாலும், ஆறும்போது தண்டு குழாயை விட்டு விலகுகிறது. ஓவனில் வைக்கும் முன், தாளின் மேல், சூட்டில் சுருங்கி இறுக்கும் ஷ்ரிங்க் டேப்பை இழுத்துச் சுற்றினால், காற்றை உறிஞ்சி அழுத்தும் வேக்குவம் பையே தேவைப்படாது.

கேள்வி: ஐயா, இதை ஏற்க இயலவில்லை. நானும் அலுமினியத்தில்தான் உருட்டினேன். சுத்தியலால் தட்டியும் குழாய் நகரவில்லை. ஃப்ரீசரில் ஓர் இரவு வைத்தபின் முன்னிலும் இறுகிவிட்டது.

பதில்: இழைகளை எந்தத் திசையில் வைத்தீர்கள்?

கேள்வி: விறைப்பு வேண்டும் என்பதால் எல்லா அடுக்கும் நீளவாக்கில்தான்.

பதில்: காரணம் அங்கேதான் இருக்கிறது. கார்பன் சுருங்காது என்பது இழையின் நீளத்துக்கு மட்டுமே பொருந்தும். குறுக்குவாக்கில் ரெசினே ஆட்சி செய்கிறது. 15 மில்லிமீட்டர் விட்டத்தில் 100 பாகை ஆறும்போது அலுமினியம் 0.035 மில்லிமீட்டர் சுருங்கும், உங்கள் குழாயோ சுமார் 0.045 மில்லிமீட்டர் சுருங்கித் தண்டைக் கவ்விக்கொள்ளும். 45 பாகைச் சாய்வில் இரு திசையிலும் அடுக்குகள் சேர்ந்திருந்தால் சுற்றளவில் இந்தச் சுருக்கம் வெகுவாகக் குறைந்திருக்கும். அந்த அடுக்குகள் இல்லாத குழாய் கழன்று வந்தாலும் பயனில்லை, ஏனெனில் எறியும் கணத்தில் வால் குழாய் வளைவதோடு முறுக்கவும் படுகிறது.

கேள்வி: தெர்மாகோல் இறக்கையின் மேல் பிரீப்ரெக் ஒட்டலாமா?

பதில்: கூடாது. 120 பாகை அடையுமுன்பே தெர்மாகோல் இளகி உருக்குலையும்.

கேள்வி: ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே தாளை வெட்டலாமா?

பதில்: இரண்டாம் கேள்வியின் பதிலை, பொறுமையாக, முழுவதும் படியுங்கள்.

கேள்வி: சமையலறை ஓவன் போதுமா?

பதில்: சூடு சீராக இருந்தால் போதும், ஆனால் அதன்பின் அதில் உணவு சமைக்கக் கூடாது. குழாயின் நீளம் உள்ளே அடங்குமா என்பதையும் வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி: ரிசீவரைக் கார்பன் உடலுக்குள் வைக்கலாமா?

பதில்: கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தடுக்கும். மூக்கைக் கண்ணாடியிழையில் செய்யுங்கள், அல்லது ஆண்டெனாவை வெளியே விடுங்கள்.

கேள்வி: பெட்ரோல் எஞ்சினில் எது சிறந்தது?

பதில்: அது என் துறை அன்று.

கேள்வி: பை திறக்கும் முன் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும்?

பதில்: நிமிடம் அல்ல, மணிகள். பையின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகும் அதில் நீர் பூத்தால், உள்ளே இன்னும் குளிர் இருக்கிறது என்று பொருள்.

கேள்வி: ஐயா, அந்தச் சிக்கிய குழாயை எப்படிக் கழற்றுவது?

பதில்: இதுவரை நீங்கள் செய்ததற்கு நேர்மாறாகச் செய்யுங்கள். தண்டோடு ஓவனில் வைத்து 90 அல்லது 100 பாகை வரை சூடேற்றினால், எது கூடுதலாகச் சுருங்கியதோ அதுவே கூடுதலாக விரியும். தடித்த கையுறை அணிந்து, ஆறுவதற்குள் தண்டின் பருத்த முனையைப் பிடித்து ஒரே இழுப்பில் இழுங்கள்.