1,600 கோடி பாஸ்வேர்டும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

கணினி, கைப்பேசி, இணையம் பற்றிக் குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும் எங்கள் தொழில்நுட்பப் பகுதியின் பதில்களும்.

கூகுள், ஆப்பிள், ஃபேஸ்புக் எல்லாம் போச்சு, 1,600 கோடி பாஸ்வேர்டு களவு என்று 2025 ஜூனில் செய்தி வந்தது. பதறிப்போய் அன்றைக்கே ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினேன். இப்போது அது எனக்கே மறந்துவிட்டது. உண்மையில் என்னதான் நடந்தது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, தக்கலை

கூகுளுக்குள் யாரும் புகவில்லை, ஆப்பிளுக்குள்ளும் இல்லை. சைபர்நியூஸ் என்ற இணையதளத்தின் ஆய்வாளர்கள், பூட்டுப் போடாமல் கிடந்த 30 தரவுத் தொகுப்புகளைக் கண்டார்கள். அவற்றில் இருந்த வரிகளின் கூட்டல்தான் 1,600 கோடி. ஒரே ஆளின் ஒரே பாஸ்வேர்டு நாலு தொகுப்பில் இருந்தால் நாலு வரி. புதிதாக ஒரே நாளில் ஒரே இடத்தில் நடந்த களவு என்பது தலைப்பு போட்டவர்கள் சேர்த்த மசாலா.

அந்த வரிகளில் பெரும்பகுதி 'இன்ஃபோஸ்டீலர்' என்ற வகை நிரல்கள் வாரியவை. விலை கொடுக்காமல் விண்டோஸையும் ஆஃபீஸையும் ஆக்டிவேட் செய்ய ஒரு குட்டி நிரலை இறக்குகிறோம் அல்லவா, அதோடு ஒட்டிக்கொண்டு வருவது இது. குரோமில் 'சேவ்' கொடுத்து வைத்த பாஸ்வேர்டுகளையும், லாகின் ஆகியிருப்பதைக் காட்டும் குக்கீகளையும் ஒரே அள்ளாக அள்ளிக்கொண்டு போய்விடும். அந்தக் கணினியிலேயே உட்கார்ந்து பாஸ்வேர்டை மாற்றினால் புதுச் சாவியும் அதே கள்ளன் கைக்குத்தான் போகும்.

உங்கள் சங்கதிக்கு வருவோம். போனில் ஜிமெயில் இன்னும் திறந்துதான் இருக்கும். செட்டிங்ஸில் கூகுள், அதில் 'மேனேஜ் யுவர் அக்கவுன்ட்', அதில் செக்யூரிட்டி. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று கொடுத்தால் பெரும்பாலும் போனின் திரைப்பூட்டை மட்டும் கேட்டுவிட்டுப் புதிது போட விடும். அதே பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' என்ற பட்டியலையும் பாருங்கள். உங்களுடையது அல்லாத கணினி ஏதாவது இருந்தால் 'சைன் அவுட்'. பிறகு டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனைப் போட்டுவிடுங்கள். புதுப் பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி அலமாரிக்குள் வைப்பது கேவலம் ஒன்றும் இல்லை. ரஷ்யாவில் இருக்கும் கள்ளன் தக்கலைக்கு வந்து உங்கள் அலமாரியைத் திறக்கமாட்டான்.

எங்கள் பூ வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில், தெரிந்தவர் எண்ணிலிருந்தே கல்யாணப் பத்திரிகை என்று ஒன்று வந்தது. தொட்டேன், ஏதோ இன்ஸ்டால் ஆனது, பத்திரிகை மட்டும் திறக்கவில்லை. போனில் புதிதாக எதுவும் தெரியவும் இல்லை. விட்டுவிடலாமா?
— பூ வியாபாரி, தோவாளை

விடக்கூடாது. இதைப் படித்த கையோடு போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். விளக்கம் பிறகு.

வேறொரு போனிலிருந்து உங்கள் வங்கியைக் கூப்பிடுங்கள். எண்ணை கூகுளில் தேட வேண்டாம், அங்கே போலிக் கஸ்டமர் கேர் எண்கள் ஏராளம். ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதே சரியான எண். யுபிஐ, நெட்பேங்கிங், கார்டு மூன்றையும் நிறுத்தச் சொல்லி, புகார் எண்ணும் நேரமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இந்த நேரத்துக்குப் பண மதிப்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 சுற்றறிக்கையில் கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போயிருந்தால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரையிலான நட்டம்தான் வாடிக்கையாளருக்கு. தெரிவித்த பிறகு போவது வங்கியின் தலையில். பணம் ஏற்கெனவே போயிருந்தால் அடுத்த அழைப்பு சைபர் குற்றப் புகார் எண்ணான 1930. எடுத்த பணத்தைக் கள்ளன் கணக்குவிட்டுக் கணக்கு மாற்றிக்கொண்டே இருப்பான். அது ஏதாவது ஒரு கணக்கில் நிற்கும்போதே முடக்கினால்தான் மீட்க வழி உண்டு, அதனால் 'நாளை காலையில் ஸ்டேஷனுக்குப் போகலாம்' என்று இருந்துவிடாதீர்கள்.

அடுத்து சிம். கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டால் வங்கி மெசேஜ் எல்லாம் அங்கே வரும், கள்ளன் கண்ணில் படாது. இதில் இரண்டு சிக்கல். ஜியோ சிம் பழைய 2ஜி பட்டன் போனில் சிக்னல் காட்டாது, 4ஜி பட்டன் போன்தான் வேண்டும். நானோ சிம்மை அடாப்டர் இல்லாமல் பழைய போனில் சொருகினால் உள்ளே மாட்டிக்கொள்ளும். சிம் வேலை செய்தவுடன் கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு, கால் ஃபார்வர்டிங் எதுவும் போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். உங்களுக்கு வரும் அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பி, ஓடிபியைக் குரல் அழைப்பில் வாங்கக் கள்ளர்கள் செய்யும் வேலை அது.

இனி விளக்கம். வந்தது பத்திரிகை அல்ல, ஏபிகே. அதாவது ஆண்ட்ராய்டு செயலியின் பொதி. வாட்ஸ்அப்பில் வந்த அந்தக் கோப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள்: பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இத்தனை எம்பி, ஏபிகே என்று போட்டிருக்கும். பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃபாகவோ வீடியோவாகவோ வரும். மணமகன் வீட்டார் எவ்வளவு வசதியானவர்களாக இருந்தாலும் பத்திரிகைக்கு என்று செயலி செய்து அனுப்பமாட்டார்கள். டிராஃபிக் அபராதம், பிஎம் கிசான், வங்கி கேஒய்சி என்ற பெயர்களில் சுற்றுவதும் இதே சரக்குதான்.

தொட்டவுடன் போன் உங்களைத் தடுத்திருக்கும். 'பாதுகாப்புக்காக, இந்த இடத்திலிருந்து செயலி நிறுவ அனுமதி இல்லை' என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். அதில் செட்டிங்ஸைத் தொட்டு, வாட்ஸ்அப்புக்கு எதிரே உள்ள பொத்தானைத் தள்ளியது நீங்கள்தான். அடுத்து எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டிருக்கும், பிறகு ஆக்சஸிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக, திரையில் இருப்பதைப் படிக்கவும் அவர்களுக்குப் பதில் பொத்தானை அழுத்தவும் செயலிக்குக் கொடுக்கும் அதிகாரம் அது. அதைக் கொடுத்துவிட்டால் மேற்கொண்டு எந்த அனுமதியையும் அந்தச் செயலியே தனக்குத்தானே அழுத்திக்கொள்ளும். ஐகானை மறைத்துவிடுவதால்தான் உங்களுக்கு எதுவும் தெரியவில்லை. வாட்ஸ்அப்புக்கான ஓடிபியையும் அது படித்து அனுப்பும். உங்கள் கணக்கை வேறு போனில் திறந்து, உங்கள் பெயரில் குழுவுக்கு அதே பத்திரிகை போகும். உங்களுக்கு அனுப்பிய நண்பருக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும், அவர்மேல் கோபப்பட வேண்டாம்.

நீக்குவதற்கு: பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'பவர் ஆஃப்' படத்தை அழுத்தியபடியே இருந்தால் பல போன்களில் 'சேஃப் மோட்' கேட்கும். அதில் போனால் நீங்கள் நிறுவிய செயலிகள் ஓடாது. செட்டிங்ஸில் ஆப்ஸ், முழுப் பட்டியல். பெயர் வெற்றாகவோ, 'கஸ்டமர் சப்போர்ட்', 'சிஸ்டம் அப்டேட்' மாதிரியோ, ஐகான் இல்லாமலோ இருப்பதைத் தேடுங்கள். அன்-இன்ஸ்டால் பொத்தான் மங்கிக் கிடந்தால் அது டிவைஸ் அட்மின், அதாவது போனின் நிர்வாகி ஆகியிருக்கிறது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'டிவைஸ் அட்மின்' என்று அடித்து, அங்கே அதை அணைத்துவிட்டு வந்தால் நீக்க விடும். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் (எங்களுக்கு ஒப்பாது) படங்களை மட்டும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டுகளும் யுபிஐ பின் நம்பரும் அதற்குப் பிறகே மாற்றவேண்டும். வாட்ஸ்அப்பில் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷனுக்கு ஆறு இலக்க எண் போடுங்கள். அது இருந்திருந்தால் ஓடிபி கிடைத்தும் கள்ளன் உள்ளே வந்திருக்க முடியாது.

கன்னியாகுமரி ரயில் நிலையத்தில் யுஎஸ்பி சார்ஜிங் பாயின்டில் போன் போட்டால் தகவல் எல்லாம் போய்விடுமாமே?
— வாசகர், கொட்டாரம்

'ஜூஸ் ஜாக்கிங்' என்ற இந்தப் பூதத்துக்கு வயது ஆகிவிட்டது. 2011இல் அமெரிக்காவில் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் செய்து காட்டினார்கள். 2023 ஏப்ரலில் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் ஒரு ட்வீட் போட்டது, உலகம் முழுக்கச் செய்தியானது. யாருடைய பணமாவது இப்படிப் போனதாக உறுதியான வழக்கு ஒன்றையும் யாரும் காட்டவில்லை. நடக்கவே முடியாதது என்று சொல்லவில்லை. கம்பியைச் சொருகியதும் 'தகவலைக் கொடுக்கலாமா' என்று போன் கேட்கும் அனுமதிக் கேள்வியை ஏய்க்கும் வழி ஒன்றை ஆஸ்திரியாவின் கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் காட்டினார்கள், அப்டேட்டுகளில் அதை அடைத்தும் வருகிறார்கள். உங்கள் சொந்த சார்ஜரை சாதாரண பிளக்கில் சொருகினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, சீக்கிரமும் ஏறும். சார்ஜில் போட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனால் போன் முழுசாகவே போகும் என்பது இதைவிடப் பெரிய அபாயம்.

2024 ஜூலையில் விமான நிலையங்களில் கணினி எல்லாம் நீலத்திரை காட்டி, கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்களே, அது சைபர் தாக்குதல்தானே? மறைக்கிறார்களா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

மறைக்க ஒன்றும் இல்லை. காவல்காரனே வாசலில் தடுக்கி விழுந்தான். ஜூலை 19, நம் நேரம் காலை 9.39க்கு கிரவுட்ஸ்டிரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு கோப்பை அனுப்பியது. 21 உள்ளீடுகள் இருக்கும் என்று அந்தக் கோப்பு எதிர்பார்த்தது, கணினியில் இருந்த நிரல் கொடுத்தது 20. இல்லாத இருபத்தொன்றாவதை நினைவகத்தில் தேடப்போய், விண்டோஸின் அடித்தளத்தில் ஓடும் நிரல் என்பதால் கணினியையே இழுத்துக்கொண்டு விழுந்தது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் விழுந்த கணினி திரும்ப எழுந்தால்தானே திருத்தம் வந்து சேரும்? மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி விழுந்தவை 85 லட்சம் கணினிகள். பலவற்றை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் திறந்து, டிரைவர்ஸ் அடைவுக்குள் கிரவுட்ஸ்டிரைக் அடைவில், சி-00000291 என்று தொடங்கும் கோப்பை ஆள் கையாலேயே அழித்தார்கள். விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கர் போட்ட கணினி என்றால் முதலில் 48 இலக்க மீட்புச் சாவி வேறு. சாவிகளைச் சேமித்து வைத்த சர்வரும் விழுந்துகிடந்தால்? யோசித்துக்கொள்ளுங்கள்.

குவான்டம் கணினியால் ராணுவத் தரப் பூட்டையே சீனர்கள் உடைத்துவிட்டார்கள் என்கிறார்களே? வங்கிப் பணம் என்ன ஆகும்?
— ரப்பர் வியாபாரி, குலசேகரம்

2024 அக்டோபரில் பரபரப்பான செய்தி அது. இந்த வகைப் பூட்டின் பலமே, ஒரு பெரிய எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிப்பது கடினம் என்பதுதான். அவர்கள் அப்படிப் பிரித்தது 22 பிட் எண். 22 பிட்டில் ஆகப் பெரிய எண்ணே 41,94,303. அதைப் பிரிக்க 2048க்குக் கீழே உள்ள 309 பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும், ஒரு பிளஸ் டூ பிள்ளை கால்குலேட்டரோடு உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் முடிப்பாள். வங்கிகள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஆர்எஸ்ஏ என்ற பூட்டு 2048 பிட், அதாவது 617 இலக்க எண். குவான்டத்தையும் தாங்கும் புதுப் பூட்டுகளுக்கான முதல் மூன்று தரநிர்ணயங்களை அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியிட்டுவிட்டது. நீங்கள் ரப்பர் ஷீட் விலையைக் கவனியுங்கள்.

மகன் துபாயில். அவன் குரலில் ஏஐ வைத்துப் பேசிப் பணம் கேட்பார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு தாய், கருங்கல்

காதால் கண்டுபிடிக்க முயற்சி செய்யாதீர்கள். குரல் நகல் உண்மையாகவே நன்றாக வந்துவிட்டது. ஆனால் ஏஐ இல்லாமலே, அழுகையும் இரைச்சலுமாக 'அம்மா, போலீஸ் பிடிச்சிட்டு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, 'அதிகாரி'யிடம் போனைக் கொடுப்பதும் நடக்கிறது. பயத்தில் மீதிக் குரலை நம் மனசே சேர்த்துக்கொள்ளும். வைத்துவிடுங்கள். உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் மகனின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். எடுக்கவில்லையா, அவன் அறைத் தோழன் எண்ணும் மருமகள் எண்ணும் முன்கூட்டியே வாங்கி வைத்திருங்கள். 'லைனைக் கட் பண்ணக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது' என்று ஒருவன் சொன்னால் அவன் எந்த யூனிஃபார்மில் வீடியோவில் தெரிந்தாலும் கள்ளன்தான். 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது.

ஜெராக்ஸ் கடையில் ஆதாரை வாட்ஸ்அப்பில் அனுப்பித்தான் பிரின்ட் எடுக்கிறோம். ஆபத்தா?
— கல்லூரி மாணவி, மார்த்தாண்டம்

கேட்டதிலேயே உருப்படியான கேள்வி இது, டிவியில் இது வராது. அடுத்த முறை அந்தக் கடைக் கணினியின் டவுன்லோட்ஸ் அடைவை எட்டிப் பாருங்கள். ஆதார், ஆதார்-1, ஆதார்-2 என்று வரிசையாக, போன வருஷத்தில் வந்தவர்கள் வரை கிடப்பார்கள். கடைக்காரர் கெட்டவர் என்பதல்ல, அழிக்க நேரமில்லை.

மைஆதார் இணையதளத்தில் 'மாஸ்க்டு ஆதார்' என்று இறக்கினால் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும். பிடிஎஃபின் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நாலு எழுத்து பெரிய ஆங்கில எழுத்திலும் பிறந்த ஆண்டும். பிரின்ட் வந்தவுடன் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டெலீட் அடிக்கச் சொல்லுங்கள், வெறும் டெலீட் என்றால் ரீசைக்கிள் பின்னில் கிடக்கும். கடைக்கார அண்ணனின் வாட்ஸ்அப் உரையாடலிலும் உங்கள் கோப்பு இருக்கும், உங்கள் பக்கத்திலிருந்து 'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' கொடுங்கள். உங்கள் வாட்ஸ்அப்பையே அங்கே திறந்திருந்தால், கடையை விட்டு இறங்கும் முன் 'லிங்க்டு டிவைசஸ்' போய் வெளியேற்றுங்கள்.

அதே இணையதளத்தில் கைரேகையைப் பூட்டும் வசதியும் உண்டு. ஆதாரும் ரேகையும் வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்கு அது நல்ல தடுப்பு. ஒன்று மட்டும்: பூட்டிய கைரேகை ரேஷன் கடை மெஷினிலும் விழாது. வரிசையில் நின்ற பிறகு ஞாபகம் வந்தால் ஆதாரில் பதிந்த எண்ணுக்கு ஓடிபி வரும், அங்கேயே தற்காலிகமாகத் திறக்கலாம். அந்த எண் அப்பாவின் போனில் இருந்தால் அரிசி வாங்கும் நாளில் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள்.