பத்தாயத்து நெல்லுக்கு வண்டு மாத்திரை: வாங்கலாமா, மிஞ்சியதை எங்கே போடுவது?

கேள்வி: சம்பா விதைநெல் வீட்டுப் பத்தாயத்தில் இருக்கிறது. வண்டு விழுந்துவிட்டதால் பக்கத்து ஊர் மளிகைக் கடையில் மாத்திரை கேட்டேன். தாளில் மடித்துக் கொடுத்தார்கள். நாலைந்தை நெல்லுக்குள் வைத்தேன். மிச்சம் ஒரு டப்பாவில், சமையலறைப் பரணில். நேற்றிலிருந்து வீட்டுக்குள் பூண்டு வாடை மாதிரி அடிக்கிறது. மிச்ச மாத்திரையை வாய்க்காலில் விட்டுவிடலாமா?
– நீடாமங்கலம் வாசகர்

பதில்: வாடை அடிக்கிறது என்றால் மிச்சத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம். முதலில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள். போகிற வழியில் இருக்கும் கதவு, ஜன்னலை மட்டும் திறந்துவிடுங்கள், அதற்காக உள்ளே திரும்பிப் போகாதீர்கள். இன்று இரவு அந்த வீட்டில் யாரும் படுக்க வேண்டாம், முக்கியமாகக் குழந்தைகளும் வயதானவர்களும். தலைவலி, குமட்டல், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் என்று யாருக்காவது வந்தால் 108. மருத்துவரிடம் 'நெல்லுக்கு வைக்கிற மாத்திரை, அலுமினியம் பாஸ்பைடு' என்று பெயரைச் சொல்லுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சீக்கிரம் போய்ச் சேர்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

அந்த மாத்திரை நேரடியாக வண்டைக் கொல்வதில்லை. காற்றில் இருக்கும் ஈரம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற வாயு கிளம்பும், கொல்வது அதுதான். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் வாயுவை விடும். காற்றைவிடச் சற்றுக் கனமான வாயு. தூய பாஸ்பீனுக்கு வாடையே கிடையாது. பூண்டு வாடை, அழுகின மீன் வாடை என்று நாம் சொல்வது கூடச் சேர்ந்திருக்கும் மாசுகளுடையது. அதனால் வாடை நின்றுவிட்டது என்பதை வைத்து வாயு போய்விட்டது என்று முடிவு கட்ட முடியாது.

மிச்ச மாத்திரைக்கு வருகிறேன். வாய்க்காலில் போடவே கூடாது. தண்ணீர் பட்டால் வாயு ஒரேயடியாகக் கிளம்பும், தீப்பிடிக்கவும் செய்யும். மீனுக்கும் கடும் விஷம். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றுவது, அடுப்பில் போடுவது, குப்பை வண்டியில் தருவது எல்லாம் இதே வகைதான். டப்பாவைத் திறந்து எண்ணிப் பார்க்கவும் வேண்டாம். மூடிய டப்பாவுக்குள் வாயு தேங்கியிருக்கும், திறந்த கணத்தில் முகத்தில் அடிக்கலாம், சில சமயம் பற்றிக்கொள்ளும். வீட்டுக்குள் வாடை இருக்கும்போது நீங்களாகப் பரணில் ஏறாதீர்கள். 112-க்கு அழைத்து என்ன பொருள், எங்கே இருக்கிறது என்று சொன்னால் தீயணைப்புத் துறையினர் வருவார்கள். 'ரெண்டு மாத்திரைக்குப் போய் வண்டியா' என்று தெருவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். வந்தவர்களிடம் பத்தாயத்துக்குள் வைத்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். அதை நீங்களே கைவிட்டுத் துழாவ வேண்டாம்.

இனி வாங்கிய விஷயம். பத்தாயம் என்பது மரப்பலகை. இடுக்கு வழியே வாயு கசியும், கசிவது நீங்கள் தூங்கும் வீட்டுக்குள். கிடங்குகளில் இதே மாத்திரையை வைக்கும்போது மூட்டை அடுக்கை வாயு புகாத தார்ப்பாயால் மூடி, ஓரம் முழுக்க மணல் பை அடுக்கி, நாள் கணக்கில் யாரையும் உள்ளே விடாமல் வைத்திருப்பார்கள். கசியும் இடத்தில் வைத்தால் வாயு போதாமல் பாதி வண்டு பிழைக்கும். பிழைத்ததன் வம்சத்துக்கு அடுத்த முறை மருந்து ஏறாது. வாயு போன பிறகு நெல்லில் எந்தக் காவலும் மிஞ்சாது என்பதால் வெளியிலிருந்து வண்டு மறுபடி வந்து ஏறும். ஆக, வீட்டு நெல்லுக்கு இது ஆபத்து மட்டுமல்ல, தண்டச் செலவும்கூட.

மாத்திரைக்குப் பதிலாக, இனி விதைநெல்லை நன்றாகக் காயவையுங்கள், ஈரப்பதம் 12, 13 சதவீதத்துக்கு வரட்டும். கொள்முதல் நிலையத்தில் கேட்கும் 17 சதவீதக் கணக்கு இதற்கு ஆகாது. வண்டு விழுந்த நெல்லை வெயிலில் பரப்பிச் சலித்து, காற்றுப் புகாத பையிலோ தகர டின்னிலோ வாய்வரை நிரப்பி இறுக மூடி வையுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பொறியை நெல்லுக்குள் செருகி வைத்தால் வண்டு ஏறத் தொடங்கும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: கிடங்கில் மாத்திரை வைத்து முடிந்ததும் சாம்பல் மாதிரித் தூள் மிஞ்சுகிறது. எருக்குழியில் கொட்டலாமா? காலி டின்னை அளவு பார்க்க எடுத்துக்கொள்கிறார்கள்.
– பாபநாசம், சிறு அரிசி ஆலைக்காரர்

பதில்: அந்தத் தூளில் பெரும்பகுதி அலுமினியம் ஹைட்ராக்சைடு. ஆனால் வினை முடியாத பாஸ்பைடும் கொஞ்சம் இருக்கும், அதனால் எருக்குழி வேண்டாம். சாக்கில் கட்டி வைக்கவும் வேண்டாம், அடைத்து வைத்த தூள் சூடாகிப் பற்றிக்கொண்டதுண்டு. மாத்திரை வைத்துப் புகைமூட்டம் (வாயுவால் வண்டைக் கொல்வது) போட்ட, உரிமம் பெற்ற ஆளே தூளைச் செயலிழக்கச் செய்து, ஆழமாகப் புதைத்துக் கொடுக்க வேண்டும் என்று வேலை பேசும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடத்தை நீங்கள் காட்டுங்கள். டெல்டாவில் பல ஊர்களில் ரெண்டு மண்வெட்டி வெட்டினால் தண்ணீர் ஊறும். கிணறு, போர், வாய்க்கால் எதற்கும் பக்கத்தில் இல்லாத மேட்டு நிலமாக இருக்கட்டும். டின்னில் ஓட்டை போட்டு, நசுக்கி, அதோடு புதைக்கச் சொல்லுங்கள். அரிசி அளக்கவா எடுக்கிறார்கள்? இன்றே பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: தாளில் மடித்து, பில் இல்லாமல் விற்றவர் மீது புகார் கொடுக்க முடியுமா?
– வலங்கைமான் வாசகர்

பதில்: தாராளமாக. மளிகையும் பூச்சி மருந்தும் ஒரே கட்டடத்தில் இருக்கவே கூடாது என்பது பூச்சிக்கொல்லி விதி. கொசுவத்தி போன்ற வீட்டு உபயோகப் பொருளுக்கு மட்டும் விலக்கு உண்டு. பிரித்து விற்பது, பில் தராதது தனித்தனிக் குற்றங்கள். 3 கிராம் மாத்திரை 10, 20 என்று அடைத்த குழாய்களை 2001-லேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது. புகைமூட்டமும் அரசு அமைப்புகளும் உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்களும் மட்டுமே செய்யலாம். உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், அங்குள்ள அலுவலர் கடையில் சோதனை போடலாம். பணத்தைத் திரும்பப் பெற நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, ஆனால் பில் இல்லாமல் அது இழுக்கும். சாட்சியாக மாத்திரையைக் கையோடு கொண்டுபோகாதீர்கள், குறிப்பாக பஸ்ஸில்.

கேள்வி: வீட்டு எலிக்கு இந்த மாத்திரை வைக்கலாமா?
– மன்னார்குடி வாசகர்

பதில்: கூடாது. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் ஒரு வீட்டில் வைத்த எலி மருந்தின் நெடியில் இரண்டு குழந்தைகள் இறந்தன. வீட்டுக்குக் கூண்டு போதும். வயல் எலிக்கு நம் பக்கத்து மூங்கில் எலிப்பொறியான கிட்டி இருக்கவே இருக்கிறது, கட்டத் தெரிந்தவர்கள் இன்னும் ஊருக்கு ஊர் உண்டு.